இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபது

பொறாமைப்பட ஒரு காரணம் வேண்டுமென்று தேடிப் போனவன் அல்ல நான். அதுவாகவே என் பேக்கிங் செக்‌ஷனுக்குள் வந்து உட்கார்ந்தது.

திருப்பூரில் அப்போது ஒரு சின்ன பனியன் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் பொறுப்பு. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஆள் போதாது. வீட்டுப் பெண்கள் வந்து பீஸ் மடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் வந்திருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கியவள். என்னைப் பொறுத்தவரை அது கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் போட்ட எழுத்துகள், அவ்வளவுதான்.

ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் திருநெல்வேலிப் பையன். ஆர்டர் இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபது பீஸ். பெட்டிக்கு எத்தனை போடுவது என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வரவில்லை. எட்டா, பத்தா, பன்னிரண்டா என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எத்தனை வேணா போடட்டுங்க. பன்னெண்டுக்குள்ள எந்த நம்பரா இருந்தாலும் மிச்சம் விழாதுங்க," என்றாள் என் மனைவி, மடிப்பதை நிறுத்தாமல்.

அவன் செல்போனில் ஏழால் வகுத்தான், ஒன்பதால் வகுத்தான், பதினொன்றால் வகுத்தான்.

"அட, ஆமாக்கா! அம்புட்டுக்கும் போவுதுல்லா! எப்படிக்கா கண்டுபுடிச்சிய?"

"அப்படிப் போற நம்பர்லயே இதுதானுங்க ரொம்பச் சின்னது," என்று அவள் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். எட்டையும் ஒன்பதையும் பெருக்கி, அதை ஐந்தால், ஏழால், பதினொன்றால் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும் என்கிறாள். அவன் கண்ணை விரிக்கிறான். அடேங்கப்பா! என்னோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள், என்னிடம் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை. அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டான். தெரியும். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

"அதெல்லாம் பேப்பர்ல. டேமேஜ் போகும்னு அஞ்சு பர்சென்ட் சேத்தித்தான் கட்டிங் போட்டிருக்குது. இங்க கெடக்கறது அந்த நம்பரே இல்ல," என்று குரலை உயர்த்தினேன். ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன்.

"ஆயிரத்து முந்நூத்தி எம்பத்தாறு சேருமுங்க," என்றாள் உடனே. "அது இருபதாலயும் போகுமில்லீங்களா, அதான் அஞ்சு பர்சென்டும் பிசிறில்லாம முழுசா வருது."

அவன் கைதட்டினான். அந்த எண்ணை அடிக்கப் போன நான் அதற்கு மாலை போட்டுவிட்டு நின்றேன்.

வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் டீ நேரத்தில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். எங்கேயாவது அது உதைக்க வேண்டுமே! பதிமூன்றில் உதைத்தது. நாலு மிச்சம். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவளுடைய எண்ணைப் பற்றி நானே ஒன்று சொல்லப் போகிறேன், என்னைப் பார்த்தும் அவள் அப்படிச் சிரிக்கப் போகிறாள். சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் வாசலிலிருந்தே கத்தினேன்.

"பதிமூணுல மிச்சம் விழுது, தெரியுமா?"

அவள் முகம் மலர்ந்தது. நான் ஏங்கிய சிரிப்பு வந்தேவிட்டது.

"ஆமாங்க மாமா! ஆனா பதிமூணால பெருக்கிட்டா அதுவும் போயிருமுங்க. மூணு லட்சத்து அறுவதாயிரத்து முந்நூத்தி அறுவது. முந்நூத்தி அறுவது ரெண்டு தடவ வருது பாருங்க, எத்தன அழகு!" என்றவள் அதே சிரிப்போடு சொன்னாள்: "அந்தத் தம்பி நேத்தே போட்டுக் காட்டிட்டாருங்க."