முனிராஜ் அண்ணன் தனியாகக் கேட்ட பாட்டு

முனிராஜ் அண்ணன் போய்விட்டார். பாகலூரில் இருந்து ஓசூருக்கு ஷேர் சுமோ ஓட்டிய அண்ணன்.

நெஞ்சுவலியாம். காலையில் என் பழைய ரூம்மேட் போன் செய்து சொன்னாள். அப்போதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

அது ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். அருப்புக்கோட்டையில் இருந்து வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்திருந்தேன். வாடகை குறைவு என்று பாகலூரில் ரூம்.

பார்டர் ஊர், எல்லாரும் கன்னடம்தான் என்று நானாக முடிவு பண்ணி, ரூம்மேட்டிடம் நாலு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், ஓசூர் போகுமா என்று முதல் நாள் அண்ணனிடம் கேட்டேன். "ஹொசூரு ஹோகுத்தா?"

அண்ணன் தலையாட்டினார். ஒரு கன்னட கேசட்டை எடுத்துப் போட்டார்.

மறுநாளும் கன்னடம். அதற்கு மறுநாளும். பாவம், மனுஷன் தாய்மொழிப் பாட்டு கேட்கிறார், நாம் எதற்குக் குறுக்கே பேச வேண்டும் என்று மாசக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்...

ஒருநாள் வண்டியில் இருக்கும்போது அம்மா போன். "நல்லாத்தாம்மா இருக்கேன். டிரைவர் அண்ணேதான் காலங்காத்தால கன்னடப் பாட்டாப் போட்டுக் கொல்றாரு!"

வண்டி ஓரமாக நின்றது.

"ஏம்மா, நீ தமிழா? அட கடவுளே... உனக்காகன்னுதானம்மா நான் தேடித் தேடி கேசட் வாங்கிப் போடறேன். எங்க வீட்ல பேசறது தெலுங்கு!"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், மானம் போனது போனதுதான்.

ஏறுகிறவர்களிடம் "எங்க எறங்கணும்?" என்று அவர் கேட்பது ஸ்டாப்புக்காக இல்லை, என்ன மொழியில் பதில் வருகிறது என்று பார்க்கத்தான். அதை வைத்துத்தான் கேசட். இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

கையில் எக்ஸ்ரே கவரோடு யாராவது ஏறினால் மட்டும் பாட்டே கிடையாது. ஓசூர் வரைக்கும் இன்ஜின் சத்தம்தான். ஏன் பாட்டு இல்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

"சரிண்ணே, உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வண்டி காலியா வரப்ப போட்டுக்குவேன்."

"என்ன பாட்டுண்ணே?"

"காலியா வரப்பன்னு சொல்றேன்ல!" என்று சிரித்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எனக்கு மண்டை குடைச்சல் தாங்கவில்லை. பழைய பாட்டா? பக்திப் பாட்டா? தெலுங்கா? பந்தயமே கட்டினோம் நானும் ரூம்மேட்டும்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து கேட் பக்கம் நிற்கிறேன். தூரத்தில் காலி வண்டியாக வருகிறார். உதடு அசைகிறது, கூடவே பாடிக்கொண்டு வருகிறார்! ஓடிப்போய்க் கை காட்டினேன். என்னைப் பார்த்ததும் கை டேப்புக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தால் எனக்காகப் போடுகிற தமிழ் கேசட்.

"ஏண்ணே மாத்துனீங்க?"

"நீ ஏறிட்டியேம்மா."

கல்யாணமாகி நான் ஓசூரை விட்டு வந்து எத்தனையோ வருஷம். எங்கே கார் ஏறினாலும் பாட்டு ஓடும்போது அண்ணன் ஞாபகம் வரும். ஒரு எட்டு போய்ப் பார்த்துக் கேட்டிருக்கலாம்... போகவில்லை.

இன்றைக்கு அவர் சம்சாரம், அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். ரெண்டு பேரும் அழுதோம். கேட்கிற நேரமா அது? இருந்தாலும் கேட்டுவிட்டேன். "அக்கா, அண்ணனுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?"



"தெரியலியே கண்ணு... நான் வண்டியில ஏறினா எனக்குப் புடிச்சதுதான் ஓடும். உங்கிட்டயாவது சொன்னாரா?"

இல்லைக்கா என்றேன்.

போயிட்டு வாங்கண்ணே.