ஆறரை டிகிரி

நனைந்த பட்டு நூலுக்கு ஒரு நாற்றம் உண்டு. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த பிறகும் விடாமல் மூக்கில் ஏறும் அந்தப் புழுநாற்றம்தான், சின்ன காஞ்சிபுரத்தில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்த பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது. சூட்டை அளக்கும் கலோரிமீட்டர் வாங்க வக்கில்லாத பள்ளி அது. ஒரு மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து, சூடு வெளியே போகாமலிருக்க இடுக்கெல்லாம் தறி வீடுகளிலிருந்து வாங்கி வந்த கழிவுப் பட்டு நூலை அடைத்து, அதற்குச் "சூட்டுப் பொட்டி" என்று நாங்களே பெயரும் வைத்திருந்தோம்.

அந்தப் பெட்டியில் ஐம்பது மில்லி அமிலத்தோடு ஐம்பது மில்லி காரத்தைச் சேர்த்து, வெப்பமானி எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்து, அதிலிருந்து வினையின் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். அரையாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு அதுதான் வந்தது. தேறாதவர்களை அறிவியல் பிரிவிலிருந்து தூக்கித் தொழிற்பிரிவில் போட்டுவிடுவார்கள். என் பக்கத்து இடத்துக்காரி புவனாவுக்கு அதுவும் கிடையாது. சாயப்பட்டறை வைத்திருந்த அவள் அப்பா, "சயின்ஸ் இருந்தா படி, இல்லன்னா தொட்டியாண்ட வந்து நில்லு, ஆள் பத்தல" என்று சொல்லியிருந்தார். முகூர்த்த மாதமென்றால் அவளைப் பள்ளிக்கே அனுப்பமாட்டார். வேதியியல் மிஸ் இந்தச் சோதனையைச் செய்துகாட்டிய அன்று அவள் வகுப்பிலேயே இல்லை.

தேர்வன்று அவள் ஊற்றியதை அடுத்த மேசையிலிருந்து பார்த்தேன். சாயத்தொட்டியில் ஆசிட்டை மொத்தமாகக் கொட்டினால் சாயம் ஒரே சீராகப் பிடிக்காமல் பட்டில் "திட்டு" விழும், ஆகவே கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பத்து வயதிலிருந்து அவள் கைக்கு அதுதான் பழக்கம். இங்கே ஒரே மூச்சில் கொட்டி மூடிவிட வேண்டும், இல்லையென்றால் சூடு பிறக்கப் பிறக்கக் காற்றோடு போய்விடும். அவளோ அவ்வளவு நிதானமாக, நூல் பிடித்தாற்போல் ஊற்றினாள். நாலு டிகிரிதான் ஏறியது.

"உனக்கு எவ்ளோடீ?" என்று கிசுகிசுத்தாள். பதற்றத்தில் காரத்தில் பாதிக்கு மேல் மேசையில் சிந்தியிருந்த எனக்கு மூன்றுதான் ஏறியிருந்தது. புத்தகத்து விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஆறரை என்று எழுதிவைத்திருந்தேன். "ஆறரை. நீயும் அதையே எழுதிடு" என்றேன்.

"நாலுதான் ஏறிச்சு. ஏறாததை எப்டிடீ எழுதறது?" என்றவள், நாலு என்றே எழுதிக் கொடுத்தாள்.

"மிச்ச சூடெல்லாம் எங்கம்மா போச்சு? பட்டறையிலயே இருந்திருக்கலாமே" என்று மிஸ் எல்லோர் முன்னாலும் கேட்டபோது நான் எழுந்து நின்றிருக்கலாம். அவள் மெதுவாக ஊற்றிவிட்டாள், இன்னொரு முறை செய்யவிடுங்கள் என்று ஒரே ஒரு வரி. சொன்னால் என் தாளையும் புரட்டுவார்களே என்று பயம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது.

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. இடித்துவிட்டு, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். நான் வேதியியல்தான் நடத்துகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் இந்தச் சோதனையை போனில் வீடியோவாகப் பார்த்துவிட்டு விடையை எழுதிக்கொள்கிறார்கள், அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில் புவனாவைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்புச் சாயம். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லையாம். "டீ கிளாஸ் சுடுதான்னே தெரியல, ஆவியப் பாத்துக்கினு குடிக்கறேன்" என்று சிரித்தாள். அவள் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "ஏன்டீ, நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே. அன்னிக்கு உனக்கு ஆறரை ஏறிச்சு, எனக்கு மட்டும் ஏன்டீ நாலு? நானும் யோசிச்சிக்கினேதான் இருக்கேன்" என்றாள்.

முப்பது வருஷம் கழித்துக் கேட்கிறாள்.

"உன் தர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும்டீ" என்றேன்.