தங்கச்சிக்கு ஒரு சாவி

தலைமையாசிரியை அறையில் அன்று நான் இருந்தேன், பத்தாவது படிக்கும் என் தங்கச்சி இருந்தாள், அவளுடைய கணக்கு டீச்சர் இருந்தார். அம்மாவும் நைனாவும் இல்லை. பொங்கல் முடிந்து திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போனால், மழைக்கு முன்னால்தான் செஞ்சிக்குத் திரும்புவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆகவே பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருக்கும் இடத்தில் எப்போதும் நான்தான் கையெழுத்துப் போடுவேன்.

கணக்கு ரிவிஷன் தேர்வில் அரை மணி நேரத்திலேயே தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"இது ரெண்டாவது தடவ தம்பி," என்றார் டீச்சர். "தெரியாத புள்ளன்னா பரவால்ல. கணக்கு இவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அப்புறம் இது திமிரு இல்லாம இன்னா?"

"பப்ளிக்ல இப்பிடி எழுந்து போனா மறுபடி உள்ள விடமாட்டாங்க," என்றார் தலைமையாசிரியை. "ஒரு மாசம்தான் இருக்குது. ஏம்மா, உடம்பு சரியில்லயா?"

தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காலேஜுக்கு விண்ணப்பம் தட்டிக்கொடுக்கிறேன். இவளுக்கு எப்போது தட்டப்போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

"வாயத் தொறந்து சொல்லேன்," என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சாவு மேளம் வந்தது. கூடவே பட்டாசு. பேச்சு கேட்கவில்லை என்று டீச்சர் எழுந்து கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தங்கச்சியின் தலை சட்டென்று திரும்பியது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, கண் எடுக்காமல் கதவையே பார்த்தாள். நெற்றியில் வேர்வை.

"மிஸ், பரீட்ச அன்னிக்குக் கதவச் சாத்தினீங்களா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"பின்ன? கல்யாண மண்டபத்துல மைக் செட்டு அலறுது. அதுக்கு முந்தின தடவ ஒரே சாரல். அன்னிக்கும் சாத்தினோம்."

நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாததை நின்றுகொண்டே சொன்னேன்.

அப்போது அவளுக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. "பாப்பாவக் கெணத்துப் பக்கம் உடாத" என்று சொல்லிவிட்டுத்தான் நைனா லாரி ஏறுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் காலையிலேயே ஊருக்கு வெளியே கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்விடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு கிண்ணத்தில் கஞ்சி, ஒரு சொம்பில் தண்ணீர், வெளியே பூட்டு. சாவி என் அரைஞாண் கயிற்றில். முதலில் கொஞ்ச நாள் தெருமுனை வரைக்கும் அவள் அழுவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. பழகிவிட்டாள் என்று நிம்மதியாகப் படித்தேன். மூன்று சூளைக் காலம் அப்படிப் பூட்டியிருக்கிறேன்.

அழுது பயனில்லை என்று அந்த வயதில் முடிவுக்கு வந்தவள், பிறகு எதையும் யாரிடமும் கேட்கவில்லை. காய்ச்சல் அடித்தால்கூடத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்க பாப்பா தொந்தரவே பண்ணாது என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

சொல்லி முடித்தபோது மேளம் தூரமாகப் போயிருந்தது. டீச்சர் தங்கச்சியின் தோளில் கை வைக்கப் பார்த்து, வைக்காமல் எடுத்துக்கொண்டார். "நானும் கேட்டிருக்கலாம்," என்றார்.

தலைமையாசிரியைதான் யோசித்துச் சொன்னார். "கதவோரமா பெஞ்சு போட்டுடலாம். காத்துல மூடாம ஒரு செங்கல்லு வச்சாப் போதும். பப்ளிக்குக்கும் சென்டர்ல பேசி எழுதிக் குடுக்கறேன்."

"எங்க நைனா அறுத்த கல்லாப் பாத்து வைங்க மிஸ்," என்றாள் தங்கச்சி. "அதான் கெட்டியா இருக்கும்."

அன்று அந்த அறையில் அவள் பேசியது அவ்வளவுதான். டீச்சர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் மறு ரிவிஷன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் நின்றேன். மணி அடிக்கிற வரைக்கும் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது விரலெல்லாம் மை.

"கல்லு நின்னுதா?"

"நின்னுது. நானும் உக்காந்துட்டேன்."

கடைத்தெரு வழியாக நடந்தோம். எதிரே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றாள்.

"ண்ணா, எனக்கு ஒரு சாவி வேணும்."

"இன்னா சாவி?"

"ஊட்டுச் சாவி. நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்து, நீ வர ஏழு மணி வரைக்கும் வாசல்லயேதான் உக்காந்துருக்கேன். நீ இன்னமும் அத இடுப்புலயே முடிஞ்சு வச்சிருக்க, பாட்டன் சொத்து மாதிரி."

காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். "முன்னாடியே கேக்கறதுக்கு இன்னா?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு அருகில் சாவி போடுகிறவரிடம் அழைத்துப்போனேன்.

"ஒண்ணு போதுமா தம்பி?"

நான் பதில் சொல்லுமுன் அவள் சொன்னாள், "ரெண்டு போடுங்க. எங்க அம்மாவுக்கும் ஒண்ணு வேணும்."

அவர் நூற்று நாற்பது கேட்டார். அவளே பேரம் பேசி நூற்றுப் பத்து ரூபாய்க்கு முடித்தாள்.