ஒரு வாரம் முந்திப் போயிருந்தால்

ரெம்பாவ் போகும் செம்மண் சாலையில் துரையின் கார் வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். கார் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறலாம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டியதில்லை, ஆனால் இறங்காத ஆளையும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்து முதன்முதலாக இறங்காதவர், படையில் சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்பியிருந்த என் சித்தப்பாதான். ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரத் துரைகள் மலாயாவுக்குத் திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் பின்னால் கேரியரில் மண்ணெண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கார் வந்தது. சித்தப்பா மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக, சாலையின் நடுவிலேயே மிதித்துக்கொண்டு போனார். கார் ஒதுங்கி நின்றது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணி அவரை மலைக்காட்டு மரங்களுக்கு மாற்றினார். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்கினால் முட்டி கழன்றுவிடும். மூன்று வருடம் அங்கேதான் மரம் சீவினார். நான் பரிதாபப்பட்டால் சிரிப்பார். "கார் ஒதுங்கி நின்னுச்சுல்ல, சண்டைக்குப் போனதுக்கு இது ஒண்ணு போதும் பாப்பா," என்பார்.

போதுமா என்பதுதான் எனக்கும் அவருக்கும் கடைசிவரை நடந்த தகராறு. போன மாதம் அம்பாங்கானில் ஒரு மண்டபத்தில், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களில் இன்னும் நிமிர்ந்து நிற்கிறவள் நான்தானாம், அதனால் மாலை வேறு போட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "நம்மாளுங்க படைக்குப் போன அந்தச் சண்டையால நமக்கு என்ன லா கெடச்சுச்சு டீச்சர்? செத்ததுதானே மிச்சம்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தியவள் நான். சரித்திரம், தியாகம் என்று ஏதோ உளறிவிட்டு, லோபாக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போனதும் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தாலாவது அடங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அவருக்கு அப்போது இருபது இருக்கும். பெற்றவர்கள் இருவரும் காய்ச்சலில் போய்விட்டதால், அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். துரை ஓடிப்போய்விட்டார், கிராணி மட்டும் மிச்சம். முன்பு துரைக்குச் சொன்ன சலாமை அவர் இப்போது ஜப்பான்காரனுக்குச் சொன்னார். அரிசி காணாமல் போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது, துணி காணாமல் போய்ச் சாக்கு வந்தது. அதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தபோதுதான் லயம் ஆடிப்போயிற்று. இரண்டு ஆண்கள் இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்று கிராணி கணக்குப் போட்டார். மூன்றே மாத வேலை, அரிசிச் சோறு கிடைக்கும், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று அவர் சத்தியம் செய்தார். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.

பட்டியல் எழுதப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் படைக்காரர்கள் வந்தார்கள். சிரம்பானிலிருந்து லாரியில் வந்த இரண்டு தமிழர்கள், காக்கிச் சட்டைக்காரர்கள். இந்தியாவை வெள்ளைக்காரனிடமிருந்து மீட்க நம்மாட்களின் படை ஒன்று பர்மா வழியாகப் போகிறது, வருகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று பெரட்டுக் களத்தில் நின்று கூப்பிட்டார்கள். படைக்கு ஆள் கொடுக்கும் வீட்டிலிருந்து சயாமுக்கு ஆள் எடுக்கமாட்டோம் என்று கிராணியும் பக்கத்தில் நின்று சொன்னார். எனக்கு அன்று குளிர்காய்ச்சல். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். களத்தில் நடந்ததை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அப்பாவும் சித்தப்பாவும் கடைசி வரிசையில், ஸ்டோர் சுவரை ஒட்டி நின்றார்களாம். ஒவ்வொருவராக முன்னால் போகப் போக, அப்பாவின் கை சித்தப்பாவின் தோளில் இருந்ததை நாலைந்து பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அண்ணன் தம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டார் என்று மத்தியானத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு.

அம்மா அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். தம்பியைச் சண்டைக்கு அனுப்ப மனசு வரவில்லை, சரி, அடுத்த வாரம் பட்டியல் வருமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அப்பா மறுக்காமல் கேட்டுக்கொண்டார். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலில் சித்தப்பாவின் பெயர்தான் இருந்தது. படைக்காரர்களின் லாரி அதற்குள் வேறெங்கோ போய்விட்டது, எப்போது திரும்பும் என்று கிராணிக்கும் தெரியவில்லை. அப்பா கிராணியிடம் போய், தம்பி பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம்தானே என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று மாதம் போயிற்று, நாலாவது மாதமும் போயிற்று. ஒரு காலையில் சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் சிரம்பானுக்கு நடந்துபோய்ப் படையில் சேர்ந்து, அவர்கள் லாரியில் ஏறிவிட்டார். இரண்டு ஆண்கள் இருந்த வீட்டில் அம்மாவும் நானும் மிஞ்சினோம். அம்மா லயத்துக்குப் பின்னால் கிழங்கு நட்டாள், நான் தண்ணீர் ஊற்றினேன்.

சண்டை முடிந்து சித்தப்பா திரும்பினார். வெள்ளைக்காரர்கள் பிடித்துச் சிறையில் வைத்திருந்து அனுப்பினார்களாம். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தார். எங்கள் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவர் மட்டும், காலில் ஆறாத புண்ணோடு, வந்து சேர்ந்தார். அப்பா காலராவில் போய்விட்டார், மழைக்காலம், மூங்கிலைப் போட்டு எரித்தோம் என்று சொன்னார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியவில்லை, அங்கே நாள் எண்ண யாருக்கும் தெம்பில்லையாம். அப்பா தோட்டத்தை விட்டுப் போன நாளையே திதியாக வைத்துக்கொண்டு, வருடாவருடம் சித்தப்பா இலை போட்டுப் படைத்தார். அம்மா அந்த நாளில் சமைத்துத் தருவாள், ஆனால் இலைக்கு முன்னால் வந்து நிற்க மாட்டாள். "பொண்டாட்டி புள்ளைய விடத் தம்பி பெருசுன்னு போனவருதானே, தம்பியே படைக்கட்டும்," என்பாள். அன்று பிடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால் யாருமே சயாமுக்குப் போயிருக்க வேண்டாமே என்பதுதான் அவள் ஆத்திரம். சித்தப்பா மேல் அவளுக்குக் கோபமே இல்லை. மீனில் நடுத்துண்டு அவருக்குத்தான்.

எனக்குத்தான் அவரிடம் கோபம் வரும். பள்ளியில் வாத்தியாரான பிறகு வாய் வேறு நீண்டுவிட்டது. அந்தப் படை எதைப் பிடித்தது? எல்லையைத் தொட்டது, பசியில் திரும்பியது, வழியெல்லாம் பிள்ளைகளைப் புதைத்தது. என்னைக் குடைந்தது அதுகூட இல்லை. அப்பாவை ரயிலேற்றிக் கொன்றவன் ஜப்பான்காரன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு சித்தப்பா சண்டை போட்டிருக்கிறார். எப்படி மனசு வந்தது என்று நேராகவே கேட்டிருக்கிறேன். வெற்றிலையை மென்றுகொண்டே அவர் ஒரே பதிலைச் சொல்வார். "வெள்ளக்காரன் நம்மளக் கப்பல்ல ஏத்துனான், ஜப்பான்காரன் ரயில்ல ஏத்துனான். நாமளா ஏறிப் போனது அந்த ஒரு லாரிலதான் பாப்பா." சில நாள் அது பெரிய பதிலாகத் தெரியும், சில நாள் பசப்பலாகத் தெரியும். ஊரில் மேடை போட்டுப் படைக்குப் போனவர்களைக் கூப்பிட்டால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போவார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மரம் சீவி எங்களுக்குச் சோறு போட்டதும், தோட்டத்துப் பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கிராணி கேட்டபோது சண்டை பிடித்து என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான்.

சண்டை முடிந்து நாற்பது வருடம் கழித்து, சித்தப்பா சிரம்பான் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருந்தார். கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவரைக் கொஞ்சம் உசுப்பிவிட்டால் முகம் தெளியும் என்று நினைத்து, இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கள், அந்தச் சண்டைக்குப் போனது தகுமா என்று சீண்டினேன். லாரிக் கதை வரும் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒங்கப்பா என்னயப் புடிக்கல பாப்பா. தள்ளுனாரு. போடா, சயாமுக்கு இது மேல்னு தோள்ல கை வச்சுத் தள்ளுனாரு. எனக்குக் காலு வரல."

மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல மெல்ல மீதியைச் சொன்னார். அன்று அம்மா அப்பாவைத் திட்டித் தீர்த்தபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாராம். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தாராம். தம்பி பயந்தான் என்று பேர் வாங்குவதைவிட, தான் தடுத்தேன் என்று பேர் வாங்குவது தேவலை என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். "நான் போனப்பறம் அண்ணிகிட்ட சொல்லிடு," என்றார் சித்தப்பா. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அதன் பிறகு என் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. அந்தச் சண்டையை அவர் ஏன் அவ்வளவு தூக்கிப் பிடித்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வீண் சண்டை என்று ஒப்புக்கொண்டால், நாலு மாதம் தாமதமாக அதற்குப் போன அவருக்கு என்ன மிச்சம்? பட்டியல் வருவதற்கு ஒரு வாரம் முந்திப் போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்பது மட்டும்தான். ஆனால் எனக்கு முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. இருபது வயதுப் பிள்ளை, முன்பின் துப்பாக்கியைக் கண்டவனா, பயப்பட்டால் என்ன தப்பு? கால் வராத அதே ஆள்தான் பிறகு தனியாக நடந்துபோய்ச் சேர்ந்தார், துரையின் காருக்கு முன்னால் இறங்காமல் போனார். அந்தத் தைரியம் சண்டையில் கிடைத்ததா, அண்ணனைக் கொடுத்த குற்ற உணர்ச்சியில் கிடைத்ததா? இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு அந்தச் சண்டை என்ன கொடுத்தது என்று கேட்டால் ஒரு நல்ல மனிதரைக் கொடுத்தது என்பேன். கொடுத்த விலைக்கு அது தகுமா என்று கேட்டால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அந்த விலையைக் கொடுத்தது என் அப்பா. அவரை யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. சொன்னால் அம்மா மனசிலிருந்து சித்தப்பா போய்விடுவார், சொல்லாவிட்டால் அப்பா குற்றவாளியாகவே இருப்பார். பள்ளிவிட்டு வந்து கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். காலில் சக்கரமா என்று அம்மா கேலி செய்வாள். ஒரு சனிக்கிழமை அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். திதி நெருங்குகிறதே, சித்தப்பாவும் இல்லை, இனி நாம்தானே படைக்க வேண்டும் என்றேன். அந்த மனுசனுக்கு நான் ஏன் படைக்கணும், அன்னிக்குப் பிடித்து நிறுத்தாமல் இருந்தால் என்று பழைய பாட்டை ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா புடிக்கலம்மா. போகச் சொல்லித் தள்ளுனாரு. சித்தப்பாதான் பயந்துட்டாரு. ஆஸ்பத்திரில அவரே சொன்னாரு."

அம்மாவின் கை நின்றது. திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு மூன்று மீன்களை ஆய்ந்தாள். பிறகு, "நல்ல வேள அன்னிக்கே சொல்லல," என்றாள். "சொல்லியிருந்தா அவன வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன். சோறு யாரு போட்டிருப்பா? நீயும் டீச்சராயிருக்க மாட்ட, எங்கூட மரம் சீவிக்கிட்டு இருந்திருப்ப."

சுருக்கென்றது. இத்தனை வருடம் தகுமா தகாதா என்று நான் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பு, என் வேலை, நான் நின்றுகொண்டிருந்த அந்த வீடு, எல்லாமே அந்த ஒரு பொய்யின் தயவு என்று அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து எழுந்தேன்.

"சயாமுக்குப் போக லாரி ஏறும்போது ஒங்கப்பா திரும்பித் திரும்பிப் பாத்தாரு," என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "கோவத்துல நான் உள்ள போயிட்டேன். ஒரு வார்த்த பேசி அனுப்பல."

சயாமிலிருந்து செய்தி வந்த அன்றுகூட அழாதவள், மீன் நாற்றம் பிடித்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, ஏங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.