கமக்கட்டில் இரண்டு கிழிசல்

மழையில் நனையாமலும் வேர்வையில் அவியாமலும் சைக்கிள் ஓடலாம் என்று நம்புகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் அண்ணை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

நான் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கந்தோருக்கு முப்பது வருடமாக வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். போன மாரியில், வழியில் உள்ள கல்லுண்டாய் வெளியில் தெப்பலாக நனைந்து, தொய்வு வந்து மூச்சு இழுத்து, மூன்று நாள் ஆசுபத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

“இனி ஒருக்கா நனைஞ்சுகொண்டு வந்தியளெண்டால், அடுத்த நாளே சைக்கிளை வித்துப்போடுவன். பஸ்ஸிலை போங்கோ.”

அவள் சொன்னால் செய்வாள். எனக்கோ, நாள் முழுவதிலும் யாரும் புத்தி சொல்லாத நேரம் சைக்கிளில் போகும் அந்த ஒரு மணித்தியாலம்தான். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

சந்தையில் வாங்கிய மழைக்கோட்டு ஒன்று இருந்தது. மழை உள்ளே வராது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது. கந்தோருக்குப் போய்ச் சேரும்போது நீத்துப்பெட்டியில் வைத்த புட்டுப்போல அவிந்திருப்பேன். அண்ணையிடம் முறையிட்டேன்.

அவர் மூன்று மழை ஜக்கெற்றுகளின் படங்களை அனுப்பினார். ஒன்று மலை ஏறுகிறவர்களுக்கு, ஒன்று நாயோடு உலாவப் போகிறவர்களுக்கு, மூன்றாவது சைக்கிள்காரருக்கு. எங்கள் பக்கத்தில் மலை இல்லை. நாய்கள் தாங்களாகவே உலாவிக்கொள்ளும். ஆகவே மூன்றாவது.

“உது மூச்சு விடுற துணியடா,” என்றார்.

என் நெஞ்சு செய்ய மறுக்கிற வேலையைத் துணியாவது செய்யட்டும் என்று சம்மதித்தேன். நிறத்தில்தான் ஒரு கிழமை இழுபட்டது. நான் கறுப்புக் கேட்டேன். லொறிக்காரன் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று அண்ணை பளிச்சென்ற மஞ்சளை வாங்கிவிட்டார். பிறகு கந்தோரில் ஒருவர், “என்ன ஐயா, ரோட்டுப் போடுற வேலை கிடைச்சிட்டுதோ?” என்று விசாரித்தார்.

ஆவணியில், ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் அது வந்து சேர்ந்தது. வெளிநாட்டுச் சாமானை வந்த உடனே போட்டுவிட முடியுமா? பூச்சி உருண்டையோடு அலுமாரிக்குள் போனது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப்பட்டது. ஐப்பசியின் முதல் பெருமழைக்குத்தான் என் உடம்பில் ஏறியது.

ஒரு துளியும் உள்ளே வரவில்லை. ஆனால் உள்ளே அதே நீத்துப்பெட்டி. வீட்டில் பெனியனைக் கழற்றிப் பிழிந்தேன்.

“நனைஞ்சிட்டியளோ?”

“இல்லையப்பா, வேர்வை.”

அவள் நம்பவில்லை. இந்த ஒருமுறை விடுவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அண்ணையைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

“கமக்கட்டுக்குக் கீழை ரெண்டு பக்கமும் திறந்து, உள்ளை வலை தெரியுமே. காத்துப் போறதுக்கு. அதைப் பாத்தனியோ?”

அக்குள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். திறப்பு இல்லை. மஞ்சள் நூலில் அழகான இரட்டைத் தையல் இருந்தது. நிமிர்ந்தபோது குசினி வாசலில் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அது கிழிஞ்சிருந்தது,” என்றாள்.

பெட்டி திறந்த அன்றே கண்டிருக்கிறாள். கிழிந்த உடுப்பை அண்ணை அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தால் என் மனம் நோகும், அண்ணையின் மரியாதையும் போய்விடும் என்று, சத்தமில்லாமல் தையற்காரரிடம் கொடுத்து மூட்டி வாங்கியிருக்கிறாள். அதன் பிறகுதான் ஆட்களுக்குக் காட்டவே தொடங்கினாளாம்.

“ரெண்டு பக்கமும் ஒரே அளவாக் கிழியுமோ?”

“உங்கடை அண்ணை எதையும் அளவாத்தானே செய்வார்.”

அவளே ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து பிளேட்டால் தையலைப் பிரித்தாள். தையற்காரர் நேர்மையானவர், நூலில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஊசி போன இடமெல்லாம் வரிசையாக ஓட்டை.

கார்த்திகையில் கல்லுண்டாய் வெளியில் மழை பக்கவாட்டில் அடித்தது. ஜக்கெற் இப்போது நன்றாக மூச்சு விட்டது. அந்த ஓட்டைகளால் தண்ணீரும் குடித்தது. இரண்டு விலாவும் விறைத்துப்போயின. சைக்கிளை யார் வாங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். அழுகை வரும்போல இருந்தது.

வாசல் படலையில் நின்றவள் ஜக்கெற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். விரல்கள் அந்த ஓட்டை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றன. மழைத் தண்ணி எது, வேர்வை எது என்று அவளுக்குத் தெரியாததல்ல.

“வேர்வை,” என்றாள்.

“ஓம்,” என்றேன். “சரியான வேர்வை.”

தலையைத் துவட்டிவிட்டு, என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். இழுப்பு இல்லை. பிறகு அதே துவாயால், முப்பது வருடத்தில் முதல் தடவையாக, சைக்கிள் சீற்றைத் துடைத்தாள்.