ஆறாம் பெட்டியில் கிடைத்தது

நூலக உதவியாளர் ஒருவருக்குப் பேத்தி பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் பிள்ளையின் எடையை அவர் வாயால் கேட்காத ஆள் அந்த நூலகத்தில் கிடையாது. இரண்டே முக்கால் கிலோ. வாசல் காவலாளிக்கு மட்டும் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. சொல்வதோடு விடமாட்டார், சட்டைப்பையிலிருந்து சாட்சியையும் எடுத்து நீட்டுவார்.

சாட்சி என்பது ஆஸ்பத்திரியில் பிள்ளை கையில் சுற்றிவிட்ட பிளாஸ்டிக் பட்டை. பெண் குழந்தை, பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் அதில் எழுதியிருந்தது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மகள் அதைக் கத்தரித்து எடுத்து, பிள்ளையின் முதல் படத்தோடு ஒட்டிவைக்கப் போவதாகச் சொன்னாள். எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சி வாங்கி வந்தவர் இவர்தான். "அவர்கிட்டயா குடுக்கிற? இனிமே அதைப் பார்த்த மாதிரிதான்" என்றாள் மனைவி.

நூலகத்தில் அவருக்கு மண்ணுக்காரர் என்று பெயர். பழங்கால ஊர்களைத் தோண்டிப் பார்க்கிறவர்களுக்கென்றே இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அது. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, கட்டட வேலைக்கு மண் சுமந்தவர், பின்கூடத்துக்குத் தரை போட வந்து அங்கேயே உதவியாளராக ஒட்டிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாகத் தலையணை தலையணையாகப் புத்தகம் தூக்குகிறார். படித்தது படங்களை மட்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். ஆறு மரப்பெட்டி. ஒவ்வொன்றிலும் அடியில் மணலும் பானை ஓடும், நடுவில் செம்மண்ணும் பாசிமணியும், மேலே கரிசல் மண்ணும் பித்தானும். பிள்ளைகள் மேலிருந்து தூரிகையால் மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எது எந்த அடுக்கில் இருந்தது என்று வரைந்து எழுத வேண்டும். ஒரு மண் இன்னொன்றோடு கலக்காமல் அடுக்கு போட அவரை விட்டால் ஆளில்லை.

பேத்தி பிறந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டார். வாயெல்லாம் பல்லாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

சனிக்கிழமை காலையில் பையைத் தடவிப் பார்த்தால் பட்டை இல்லை.

கூடத்தைப் பெருக்கிப் பார்த்தார். குழாயடி, மண்மூட்டை, துடைப்பக்கட்டைக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாயிற்று. குனிந்து குனிந்து மண் போட்டபோது விழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஆறு பெட்டியில் ஒன்றில் இருக்கிறது. வகுப்புக்கு இன்னும் அரைமணி. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தால் கிடைத்துவிடும். ஆனால் இருபது பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். கவிழ்த்த மண்ணில் என்னத்தைத் தோண்டுவார்கள்? வகுப்பெடுக்கும் டீச்சரிடம் சொன்னால் கொட்டியே பாருங்கள் என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அவர் சொல்லவில்லை.

வழக்கமாக வகுப்பு தொடங்கியதும், வரையாமல் எதையும் தொடாதீர்கள் என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இன்று சுவரோரமாக நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தூரிகையையும் பார்த்தார். கரிசல் போனது. செம்மண் போனது. பித்தானுக்கும் பாசிமணிக்கும் கூச்சல் போட்டார்கள். பட்டையைக் காணோம்.

கடைசியில் ஆறாம் பெட்டியில், மணலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். அவர் நாலே எட்டில் அங்கே போய்விட்டார்.

"அது என்னோடதும்மா. குடு."

"தொடாதீங்க. இன்னும் வரையல" என்றாள் அவள்.

வாராவாரம் பிள்ளைகளிடம் அவர் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான். நீட்டிய கையை அப்படியே பின்னால் கட்டிக்கொண்டார்.

டீச்சர் வந்து பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். விஷயத்தை இரண்டே வார்த்தையில் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளையெல்லாம் பெட்டியைச் சுற்றி வரச் சொன்னாள். அடியில் இருப்பது பழசு என்றோமே, அப்படியென்றால் இந்தப் பட்டை பித்தானைவிடப் பழசா என்று கேட்டாள். ஒரு பையன் ஆமாம் என்றான். மேலேயிருந்து ஓட்டை வழியாக விழுந்திருக்கும் என்றான் இன்னொருவன். கண்ணாடிக்காரி விடவில்லை.

"ஓட்டையெல்லாம் இல்ல. மேல ரெண்டு அடுக்கும் முழுசா இருந்துச்சு, நான் வரைஞ்சிருக்கேன். இதுல திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு. அப்ப மணலே திங்கக்கிழமைக்கு அப்புறம்தான் போட்டிருக்காங்க. ஓடு எவ்வளவு பழசா இருந்தா என்ன?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்ப போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"சரியா இருக்கு" என்று எழுதிக்கொண்டாள்.

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரு பானைத் துண்டை வைத்துக்கொண்டு வாசிப்பறையில் பெரியவர்கள் நாள்கணக்கில் மல்லுக்கு நிற்பது இதற்குத்தானா என்று அன்றுதான் அவருக்கு விளங்கியது.

ஆனால் பட்டை கைக்கு வரவில்லை. கிடைத்த பொருள் மாதக் கடைசி வரை நூலகத் தட்டில் இருக்க வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். பரவாயில்லை, கொடுத்துவிடு என்றாள் டீச்சர். அப்படியானால் நாங்களும் பாசிமணியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நாலு பேர் எழுந்தார்கள். வீட்டில் மகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருந்தும், பிள்ளைகள் சொல்வதுதான் நியாயம், தட்டிலேயே இருக்கட்டும் என்றார் அவர்.

கண்ணாடிக்காரி யோசித்தாள். பாசிமணியை யாரும் வந்து கேட்கவில்லை, இதற்குச் சொந்தக்காரர் நிற்கிறார் என்றாள். இரண்டு பக்கமும் அளவு பிசகாமல் வரைந்து அந்தப் படத்தைத் தட்டில் வைத்துவிட்டால், பட்டையைக் கொடுக்கலாமே என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. எழுத்தெழுத்தாக வரைந்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அவர் மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். வரைந்தபின் பட்டையை வளைத்துத் தன் கட்டைவிரலில் சுற்றிப் பார்த்தாள்.

"கை இவ்ளோதானா இருக்கும்?"

"அவ்ளோதாம்மா. அதுலயும் அஞ்சு விரல் இருக்கு" என்றார் அவர்.

வீட்டில் யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி சிரிக்கவில்லை, பட்டைக்காகக் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க. இனிமே இது என்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்துவிட்டார். இரண்டு கையும் காலியாக இருந்தால்தானே பிள்ளையை வாங்க முடியும்.