அண்ணன் கண்ட கனவுகளின் நிறம்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்த ஆசிரியர் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, மனிதனுக்குக் கனவு கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்றார். எங்கோ படித்தாராம். "கலர்ல வருதுன்னு சொல்றவங்க எல்லாம் முழிச்ச பிறகு கலர் அடிச்சுக்குறாங்க" என்று சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முந்தின வாரம்தான் நான் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு ஆற்றுக்கு மேலே பறந்திருந்தேன். அப்படி ஒரு பாவாடை எங்கள் வீட்டில் இல்லை, கடையிலும் பார்த்ததில்லை. முழித்த பிறகு நானே அடித்துக்கொண்ட மஞ்சள் என்றால் அதற்குப் பச்சைக் கரை எங்கிருந்து வந்தது? எழுந்து கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் மூன்றே பேர். நாங்கள் வகுப்பில் கையைத் தூக்குவதில்லை.

வீட்டில் கேட்டேன். கீழ்வேளூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். அப்பா எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரும்கூட. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அவனும் வயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது, "யார் யாருக்குக் கனவு கலர்ல வருது?" என்றேன்.

"கனவுல சோறு வந்தா அது வெள்ளையாத்தான் வருது. அதுக்கு மேல என்னடி கலர்?" என்றாள் அம்மா.

"எனக்குக் கனவே வர்றதில்ல பாப்பா. படுத்தா கட்டைதான்" என்றார் அப்பா.

அண்ணன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் கனவு சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. காலையில் வாய் கொப்பளிக்கும்போதே தொடங்கிவிடுவான். "கலர்லதான் வரும். உங்க வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியல. போன வாரம் ஒரு கனவு. நம்ம ஊர்வலம் போகுது. எல்லார் கையிலயும் கொடி. ரெண்டு பக்கமும் நாத்து. கொடியும் நாத்தும் ஒரே கலர்ல அலையடிக்குது. எது வயல், எது கொடின்னே தெரியல. அப்படி ஒரு அழகு."

"கொடி பச்சையாவா இருந்துச்சு?"

"பச்சைன்னு யாரு சொன்னா? செவப்புதான்."

"நாத்து கலர்னு சொன்னியே!"

"ஆமா, நாத்து கலர்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அப்பா, "கனவுலகூடக் கட்சி மாறிடாதடா" என்று சொல்லிக் கை கழுவப் போனார். அண்ணன் வேடிக்கை பேசுகிறவன் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். பழுத்த மிளகாய் பறித்து வரச் சொன்னால் பாதி காயாகக் கொண்டு வருவான். அம்மா திட்டுவாள். அதையும் அவன் வேண்டுமென்றே செய்வதாகத்தான் நினைப்போம்.

அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் கூலிப் பேச்சும் வந்தது. கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடைகளில் நல்ல தமிழ் கேட்டது. உச்சவரம்பு, குத்தகை, குடியிருப்பு மனை என்று புதுச் சட்டங்களைப் பற்றிய பேச்சு டீக்கடை வரைக்கும் வந்திருந்தது. வயலில் மட்டும் ஒவ்வொரு குறுவைக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில மிராசுதார்கள் சங்கம் கேட்ட கூலிக்கு ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நடவு முடித்துவிடுவோம் என்றார்கள். பக்கத்து ஊர்களில் அடிதடி நடந்து போலீஸ் வேன் வந்து நின்றிருந்தது. அதனால் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களின் நாற்றங்காலில் கொடி கட்டுவது, கொடி கட்டின இடத்தில் யாரும் இறங்கி நாற்றுப் பறிக்கக் கூடாது, மற்ற இடங்களில் பறிக்கலாம்.

கொடி கட்டின அன்று அண்ணன் ஊரில் இல்லை. திருவையாற்றுப் பக்கம் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த நாள் சாயங்காலம்தான் திரும்பினான். அப்பா முடிவைச் சொன்னார். "சரிப்பா, கொடி இல்லாத இடமாப் பார்த்து இறங்குறேன்" என்றான்.

இரவெல்லாம் மழை தூறியிருந்தது. விடிந்ததும் அண்ணன் கிளம்பிப் போனான். பூவரச மரங்கள் வரிசையாக நின்ற ஒரு நாற்றங்காலைப் பார்த்தான். கொடி இல்லை என்று இறங்கிவிட்டான். அப்பாவும் முப்பது பேரும் அந்த வழியாக வந்தபோது அவன் பறித்துக் கட்டிய நாற்றுமுடிகள் வரப்பில் வரிசையாக இருந்தன. நானும் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தோம்.

அந்த நாற்றங்காலுக்கான கொடி பூவரசங்கிளையில்தான் கட்டியிருந்தது. மழையில் நனைந்து, காற்றில்லாமல், இலைகளோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் எங்களுக்கு அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"யார்டா அது உள்ள?" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் நிமிர்ந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தான். உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

அப்பா வரப்பில் நின்றபடி, "கொடி கண்ணுக்குத் தெரியலையாடா?" என்றார்.

அவன் நாலு பக்கமும் பார்த்தான். மரத்தையும் பார்த்தான். "எங்கப்பா கொடி?"

கூட்டத்தில் ஒருவர், "தலைவர் மகனுக்கே கொடி தெரியலையாம் தோழர்" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்பா சேற்றில் இறங்கிப் போய் அண்ணனை அறைந்தார். அதுவரை எங்கள் இருவரையும் அவர் அடித்ததே இல்லை. எப்படி அடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, பாதி காதிலும் பாதி கழுத்திலுமாக விழுந்தது. அண்ணன் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் சங்கத்தில் அவனை நிறுத்தி வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "இறங்கினது தப்புங்க. ஆனா அங்க கொடி இல்ல" என்றான். அதற்கு மேல் எவ்வளவு அதட்டியும் அதையேதான் சொன்னான். மிராசுதாரின் காரியஸ்தரிடம் அவன் எதையோ வாங்கிக்கொண்டுவிட்டான் என்று தெருவில் பேச்சு எழுந்தது. அப்பாவும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள்.

எனக்கு அந்த இரண்டு நாளும் அவன் சொன்ன கனவே நினைவில் சுற்றிக்கொண்டிருந்தது. கொடியும் நாற்றும் ஒரே கலர். எது வயல், எது கொடின்னே தெரியல. வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்றால்? பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருந்தால்?

மூன்றாம் நாள் காலையில் அவனைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரிய செம்பருத்திச் செடி ஒன்று இருந்தது. இருபதடி தள்ளி நிற்க வைத்து, "எத்தனை பூ இருக்குன்னு எண்ணு" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "பூத்திருக்கா என்ன?"

நான் நின்ற இடத்திலிருந்து பதினொன்று எண்ணியிருந்தேன். கிட்டே அழைத்துப் போனேன். பக்கத்தில் போனதும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். வடிவம் தெரிந்தது அவனுக்கு. "இவ்ளோ பூவா!" என்று அவனே ஆச்சரியப்பட்டான். "அண்ணே, உனக்குச் செவப்பு தெரியலண்ணே" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "தெரியாம என்ன, நல்லாத்தான் தெரியுது" என்று அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

நேரே அப்பாவிடம் ஓடினேன். நம்பவில்லை. "அவன் சொல்லிக் குடுத்து அனுப்பினானா?" என்றார். ஆனாலும் எழுந்து வந்தார். அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அப்பா தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வெகுதூரம் நடந்துபோய், புல் மேல் விரித்துப் போட்டுவிட்டு வந்தார். "துண்டு எங்க கிடக்குன்னு காட்டுடா."

அண்ணன் நடந்தான். துண்டுக்கு மிக அருகில், வலது பக்கமாக, அதைத் தாண்டியே போய்விட்டான். திரும்பி வந்து, குனிந்து, தேடினான். புல்லில் பொருளைத் தொலைத்தவன் தேடுவதுபோல் தேடினான். அதைப் பார்த்தபோது அப்பாவின் வாய் கோணியது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் துண்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா அவன் காதுப் பக்கம் தடவினார். "வலிச்சுச்சாடா?"

"அன்னிக்கு வலிச்சுச்சு."

சாயங்காலம் அப்பாவே சங்கத்தில் எழுந்து சொன்னார். சொன்னதோடு விடவில்லை, தெருவே சோதித்துப் பார்த்துவிட்டது. ஒருவர் மிளகாய் கொண்டுவந்தார். ஒருத்தி தன் வளையல்களைக் கழற்றி முறத்தில் பரப்பினாள். ஒரு சின்னப் பெண் தன் ரிப்பனை வேப்பிலையில் ஒளித்து வைத்தாள். அண்ணன் சில சமயம் சரியாகவும் பல சமயம் தப்பாகவும் சொன்னான். ஒவ்வொரு தப்புக்கும் கூட்டம் "அடடா" என்றது. நாற்றங்காலில் கிண்டல் செய்தவர் எழுந்து வந்து, "தம்பி, மனசுல வச்சுக்காத" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா தன் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கிழித்து, கட்டியிருந்த ஒவ்வொரு கொடிக்கு மேலும் ஒரு துண்டுத் துணியை முடிந்துவிட்டு வந்தார். அதைப் பார்த்த காரியஸ்தர் சைக்கிளை நிறுத்தி, "என்ன, வெள்ளைக் கொடி காட்டிட்டீங்க போலிருக்கே?" என்றார்.

"அது என் மவனுக்குங்க. உங்களுக்குச் செவப்புதான்" என்றார் அப்பா.

சில நாளில் தாசில்தார் முன்னிலையில் பேச்சு முடிந்து நடவு தொடங்கிவிட்டது. கொடிகளை அவிழ்த்துக் கொண்டுவந்தபோது அந்த வெள்ளைத் துணிகளை அம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அண்ணன் கனவு சொல்வதை நிறுத்திவிட்டான். காலையில் வாய் கொப்பளித்துவிட்டுப் பேசாமல் கஞ்சி குடிப்பான். ஒருநாள் கேட்டேன். "எனக்குத் தப்பு கலர்ல வருது பாப்பா. எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றான். அப்பா பக்கத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பா தொண்டையைச் செருமினார். "நேத்து எனக்கு ஒரு கனவு."

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"ஒரு பெரிய மாடு. நம்ம வாசல்ல நிக்குது. கழுத்துல மாலை. மாலை என்ன கலர்னு பாக்குறேன், பாக்குறேன், ஒண்ணும் புடிபடல. பாக்குறதுக்குள்ள உங்கம்மா எழுப்பிட்டா."

"நான் எங்க எழுப்பினேன்? நீங்கதானே எனக்கு முன்னாடி எந்திரிச்சீங்க?" என்றாள் அம்மா.

"எழுப்பினே" என்றார் அப்பா கண்டிப்பாக. பிறகு அண்ணனைப் பார்த்து, "மாலை என்ன கலரா இருக்கும்டா?" என்றார்.

அண்ணன் கலயத்திலிருந்து நிமிர்ந்தான். "நாத்து கலரா இருக்கும்ப்பா" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன்தான் முதலில் சிரித்தான். அப்பாவுக்கு அந்தக் கனவு உண்மையிலேயே வந்ததா என்று நான் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை. வரவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் காலைக் கஞ்சிக்குக் கனவுதான் துணை. அம்மா அதை நடவுக்குக் கொண்டுபோனாள். குனிந்து நட்டுக்கொண்டே பெண்கள் தங்கள் கனவுக்கு என்ன நிறம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பலருக்கு அதுவரை அதைக் கவனிக்கத் தோன்றியதே இல்லை. செத்துப்போன தன் மகள் கனவில் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள் என்று ஒருத்தி சொன்னபோது யாரும் மேலே எதுவும் கேட்கவில்லையாம்.

அண்ணனுக்கு ரயில்வேயில் சேர ஆசை. எழுத்துத் தேர்வில் தேறினான். திருச்சியில் டாக்டர் ஒரு புத்தகத்தைக் காட்டி, புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். முதல் பக்கத்தோடு சரி, வேலை கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது நீடாமங்கலத்தில் வண்டி வெகுநேரம் நின்றதாம். கூடப் போயிருந்த அப்பா சிக்னலைக் காட்டி, "இவங்க அதை நம்பி ஓட்டுறாங்க. நீ நம்ப வேண்டாத வேலையாப் பாருடா" என்றாராம். அண்ணன் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகி, அங்கேயே ஓய்வும் பெற்றான்.

பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். காபி கொண்டுவந்து வைத்த பெண்ணிடம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நீங்க கட்டியிருக்குறது என்ன கலருங்க?" பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாம்பழக் கலருங்க. செவப்புக் கட்டம்."

"கட்டம் எனக்குத் தெரியலைங்க. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். முன்னாடியே சொல்லிடணும்னு."

அந்தப் பெண் தலையைத் தூக்கி அவனை நன்றாகப் பார்த்தாள். "தெரியாட்டி என்னங்க? நான் சொல்றேன்" என்றாள். அவள்தான் என் அண்ணி. சொன்னபடியே அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சட்டைத் துணி, தக்காளி, பேரப்பிள்ளைகளின் கிரேயான் எல்லாவற்றுக்கும் அவள்தான்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டேன். "இப்பவும் கனவு கலர்லதான் வருதாண்ணே?"

"வருது. இப்பல்லாம் உங்க அண்ணியும் கூடவே வந்துடுறா. வந்து, இது இன்ன கலர்னு சொல்லிட்டுப் போறா."

கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்தவில்லை. "பகல் பூரா சொல்லியாச்சு. அங்கயும் என்னை விடுறதில்லையா இந்த மனுஷன்?" என்றாள்.